ரொறன்ரோ கடிதம்: குடவோலை இரவு

ரொறன்ரோவில் விற்பனைக்கு வரும் வீட்டுக்கு இரண்டு விலை உண்டு. விளம்பரத்தில் போடும் விலை ஒன்று. திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தெரியவரும் விலை மற்றொன்று. சந்தை சூடாக இருந்த 2016–17, 2021–22 காலங்களில் இரண்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று இலட்சம் டொலர் இடைவெளி விழுந்தபோதும் அக்கம்பக்கத்தார்கூட ஆச்சரியப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் காணி விற்பவர் கூட்டிச் சொல்வார், வாங்குபவர் குறைத்துக் கேட்பார், தரகர் இருவரையும் நடுவில் எங்கேயாவது கொண்டுவந்து நிறுத்துவார். இங்கே விற்பவர் குறைத்துச் சொல்கிறார். வாங்குபவர்கள் கூட்டிக் கேட்கிறார்கள். புதிதாக வந்திறங்கியவருக்கு இது மிகவும் பண்பான சனங்களின் நாடு என்று தோன்றும். அந்த எண்ணம் ஒரு வார இறுதிக்கு மேல் தாங்காது.

சூடான சந்தையில் வழமை இப்படி. செவ்வாய் அல்லது புதன்கிழமை வீடு பட்டியலில் ஏறும். அதற்கு முன்பே வீட்டுக்காரரின் குடும்பப் படம், சாமிப்படம், அலுமாரிக்கு மேல் அடுக்கியிருந்த சூட்கேஸ்கள் எல்லாம் வெளியேறி, வாடகைச் சோபாவும் ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழமும் உள்ளே வந்திருக்கும். இதற்கு ஸ்ரேஜிங் என்று பெயர். இருபது வருடம் மீன்குழம்பு கொதித்த சமையலறையை, யாருமே சமைத்திராத சமையலறை போல் மணக்க வைப்பதுதான் அதில் கடினமான பகுதி. சனியும் ஞாயிறும் ஓப்பின் ஹவுஸ். வருகிறவர்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவைக்க வேண்டும். அனுபவசாலிகள் அறைகளை எண்ணுவதில்லை, சப்பாத்துச் சோடிகளை எண்ணுகிறார்கள். திங்கள் இரவு ஏழு மணிக்கு ஓஃபர்கள் ஏற்கப்படும். அதுவரை பொறுக்க மனமில்லாமல் சனிக்கிழமையே பெருந்தொகையோடு வந்து, இன்று இரவுக்குள் பதில் வேண்டும் என்று நிற்பவரின் விண்ணப்பத்துக்குப் புல்லி ஓஃபர் என்று பெயர். சந்தியில் நின்று மிரட்டுபவனுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. மிரட்டப்படுவது வீட்டுக்காரர் அல்ல, வரிசையில் நிற்கும் மற்றவர்கள்.

திங்கள் இரவு நடப்பதை ஏலம் என்கிறார்கள். ஏலத்தின் முதல் இலட்சணமே அதில் இல்லை. மீன் கூறி விற்கும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் கேட்ட விலை காதில் விழும். அதற்குமேல் கொஞ்சம் வைத்தால் போதும். ரொறன்ரோவில் ஒவ்வொருவரும் தன் விலையை மூடி அனுப்புகிறார். போட்டியில் எத்தனை பேர் என்பது சொல்லப்படும், அவர்கள் எவ்வளவு கேட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படாது. பன்னிரண்டு பேர் என்று கேள்விப்பட்டதும் வாங்குபவர் தன் கணக்கை அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார். அடுத்தவர் நிற்பது பத்து இலட்சத்திலா பதினொன்றிலா என்று அறிய வழியில்லை. ஆகவே அவர் அடுத்தவரோடு போட்டியிடவில்லை. தன் பயத்தோடு போட்டியிடுகிறார். இரண்டாம் இடத்துக்கும் முதலிடத்துக்கும் இடையில் எண்பதாயிரம் டொலர் விட்டுப்போயிருந்தாலும் வென்றவருக்கு அது கடைசிவரை தெரியாது. தெரியாமல் இருப்பதே அவருக்கு நல்லது.

ஓலை எழுதி மூடிப் போடுவது தமிழருக்குப் புதிதல்ல. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. அங்கே குடத்தில் கைவிட்டு ஓலை எடுத்தது சூதறியாத ஒரு சிறுபிள்ளை. இங்கே எடுப்பது கமிஷன் பெறும் முகவர், எடுப்பதும் கனமான ஓலையைத்தான். இன்னொரு வேறுபாடும் உண்டு. உத்தரமேரூரில் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 70 வயது தாண்டியிருக்கக் கூடாது, கால்வேலி வரிநிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை ரொறன்ரோவில் வைத்தால், 35 வயதுக்காரர்களில் ஊர்ச்சபைக்கு ஆள் தேறுவது கடினம்.

மூடிய ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் அதிகமாக மதிப்பிட்டுத் தவறியவர்தான் என்பதை 1971-இல் எண்ணெய்க் கம்பனிப் பொறியியலாளர் மூவர் எழுதிவைத்தார்கள். மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் தோண்டும் உரிமைக்கு அள்ளிக் கொடுத்த கம்பனிகளைப் பார்த்து எழுதியது அது. வென்றவனின் சாபம் என்று அதற்குப் பெயர். எண்ணெய்க் கம்பனி ஒரு கிணற்றில் விட்டதை இன்னொரு கிணற்றில் பிடிக்கலாம். ஆயுளில் ஒரு வீடு வாங்குபவருக்கு அடுத்த கிணறு கிடையாது.

விலை மட்டும் போதாது என்றொரு காலமும் இருந்தது. வங்கிக் கடன் கிடைத்தால்தான் வாங்குவேன், கூரையையும் அத்திவாரத்தையும் பரிசோதித்த பிறகுதான் வாங்குவேன் என்ற நிபந்தனைகள் சாதாரணமானவை, நியாயமானவை. பத்துப் பேர் போட்டியில் நிற்கும்போது நிபந்தனை போட்டவரின் தாள் முதலில் ஓரத்துக்குப் போகும். பத்து டொலர் புத்தகப் பையைத் தையல் தையலாக இழுத்துப் பார்த்து வாங்கும் அம்மாமார், பத்து இலட்சத்து வீட்டை இருபது நிமிடம் பார்த்து, பரிசோதனை வேண்டாம் என்று கையெழுத்து வைத்தார்கள். சிலர் வீட்டுக்காரருக்குக் கடிதமும் எழுதினார்கள்: பிள்ளைகளின் படம், உங்கள் பின்வளவு ஆப்பிள் மரத்தை எங்கள் மகள் ஏற்கெனவே நேசிக்கத் தொடங்கிவிட்டாள் என்ற வரி. மகள் அந்த மரத்தைப் பார்த்ததே இல்லை. அவள் அன்று நீச்சல் வகுப்பில் இருந்தாள்.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் அடியில் இருப்பது எளிய கணக்கு. சங்கீதக் கதிரையை நினைத்துக்கொண்டால் போதும். பதினொரு வீட்டுக்குப் பத்துப் பேர் வந்தால் வீடு ஆளைத் தேடும். பத்து வீட்டுக்குப் பதினொரு பேர் வந்தால், தட்டுப்பாடு பத்திலொன்று, எனவே விலையும் பத்திலொன்று ஏறும் என்று பள்ளிக்கூடக் கணக்கு சொல்லும். சந்தை அப்படி ஏற்றுவதில்லை. பதினோராமவர் முடியாது என்று கைவிரிக்கும் வரை விலை ஏறியாக வேண்டும். அவரைக் கைவிரிக்க வைத்த விலைதான் மற்றப் பத்துப் பேருக்கும் விலை. அந்தப் பதினோராமவர் வீட்டுக்குப் போய்த் தூங்குவதும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை, சென்ற முறை தோற்ற தொகைக்கு மேல் ஐம்பதாயிரம் சேர்த்துக்கொண்டு இன்னொரு வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிறார். நாற்பது வீடுள்ள தெருவில் வருடத்துக்கு விற்பனையாவது இரண்டு வீடு. அந்த இரண்டைக் கொண்டு மற்ற முப்பத்தெட்டுக்கும் விலை கட்டப்படுகிறது. கூரையில் ஓர் ஓட்டைக்கூட மாற்றாத முப்பத்தெட்டுக் குடும்பங்கள் ஒரே இரவில் இலட்சாதிபதிகள். ஆனால் அவர்கள் விற்பதில்லை. விற்றால் தாங்களும் ஏதோவொரு திங்கட்கிழமை வரிசையில் நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இதனால் சந்தைக்கு வரும் வீடு இன்னும் குறைகிறது. புதிதாக ஒரு வீடும் வராவிட்டால் இருக்கும் சரக்கு எத்தனை மாதத்தில் தீரும் என்பது இந்தத் தொழிலின் அளவுகோல். நாலு முதல் ஆறு மாதம் என்றால் சமநிலை என்பார்கள். 2022-இன் தொடக்கத்தில் ரொறன்ரோ வட்டாரத்தில் இருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவான சரக்கு.

விளம்பர விலையில் 9 என்ற எண் அத்தனை தடவை வருவதற்கு, 99 என்று முடிக்கும் செருப்புக்கடைத் தந்திரம் மட்டும் காரணம் அல்ல. 2012 முதல் 2024 டிசம்பர் வரை, பத்து இலட்சம் டொலரும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டுக்கு முற்பணம் இருபது வீதம் கட்டாயமாக இருந்தது. அதற்குக் கீழே, 2016-இலிருந்து, முதல் ஐந்து இலட்சத்துக்கு ஐந்து வீதமும் மீதிக்குப் பத்து வீதமும் போதுமாக இருந்தது. எனவே 9,99,999 டொலர் வீட்டுக்குக் கையில் 75,000 இருந்தால் சமாளிக்க முடிந்தது. இன்னொரு டொலர் கூடினால் இரண்டு இலட்சம் வேண்டியிருந்தது. உலகத்திலேயே விலைகூடிய ஒற்றை டொலர் அதுவாகத்தான் இருந்திருக்கும். இப்போது அந்தக் கோடு பதினைந்து இலட்சத்துக்கு நகர்ந்திருக்கிறது. எண்களுக்கு வேறு வாழ்வும் உண்டு. சீனக் குடும்பங்கள் நிறைந்த மார்க்கம், ரிச்மண்ட்ஹில் பக்கம் 888 என்ற அதிர்ஷ்ட எண்களில் முடியும் விலைகள் சாதாரணம். நாலு என்ற எண்ணின் உச்சரிப்பு அவர்கள் மொழியில் மரணத்தை நினைவூட்டுவதால், 2013-இல் ரிச்மண்ட்ஹில் நகரசபை புதிய வீட்டிலக்கங்களில் 4-ஐத் தவிர்த்துவிட்டது. தமிழர் கேட்பது கிழக்கு வாசல். சபை அதை இன்னும் கவனத்தில் எடுக்கவில்லை.

வீடு ஏன் குறைவு என்ற கேள்விக்குத் தெற்கே ஏரி, வடக்கே பசுமை வளையம் என்று இரண்டு விரலை நீட்டுவது வழக்கம். 2005-இன் சட்டத்தால் உருவான பசுமை வளையத்தில் விளைநிலமும் காடும் சதுப்பும் கட்டடத்துக்கு விலக்கானவை. 2022 இலையுதிர் காலத்தில் மாகாண அரசு அதிலிருந்து 7,400 ஏக்கரை அவிழ்த்து 50,000 வீடு கட்டலாம் என்றது. அவிழ்ப்பதால் காணிச் சொந்தக்காரருக்கு 830 கோடி டொலர் மதிப்பு கூடும் என்று 2023 ஓகஸ்ட்டில் மாகாணக் கணக்காய்வாளர் எழுதினார். அடுத்த மாதமே வீடமைப்பு அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் பதவி விலகினார், முதல்வர் டக் போர்ட் முடிவைத் திரும்பப் பெற்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், காணித் தட்டுப்பாடு பிரச்சினைக்குக் காரணம் அல்ல என்று அதே அரசு நியமித்த பணிக்குழு 2022 பெப்ரவரியிலேயே சொல்லியிருந்தது.

உண்மையான வேலி நகரத்துக்கு உள்ளே இருக்கிறது. ரொறன்ரோவின் திட்ட வரைபடத்தில் குடியிருப்புத் தெருக்கள் மஞ்சள் நிறத்தில் தீட்டப்பட்டவை. அந்த மஞ்சளின் பெரும்பகுதியில் பல பத்தாண்டுகளாக ஒரு மனைக்கு ஒரு தனிவீடு என்பதே விதியாக இருந்தது. சுரங்கப்பாதை நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், மரங்கள் நிழல் தரும் தெருவில், பிள்ளைகள் எல்லோரும் போய்விட்ட நாலறை வீட்டில் இரண்டு முதியவர்கள் இருப்பார்கள். அங்கே மூன்று குடும்பத்துக்கு மாடி எழுப்ப ஒருவர் மனுப் போட்டால் நிழல் விழும், கார் நிறுத்த இடம் போதாது, தெருவின் குணம் கெடும் என்று கூட்டம் கூடியது. தெருவுக்குக் குணம் இருப்பது கனடாவுக்கு வந்தபிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. விளைவு, கட்டுமானம் இரண்டு முனைகளுக்கு ஒதுங்கியது. ஒரு முனையில் நாற்பது மாடிக் கொண்டோ, அதில் ஐந்நூறு சதுர அடி அறைகள். மறுமுனையில் ஒரு மணிநேரக் கார் ஓட்டத்துக்கு அப்பால் வயலை வெட்டிப் போட்ட வரிசை வீடுகள். இரண்டு பிள்ளையும் ஒரு அம்மம்மாவும் உள்ள குடும்பத்துக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளது. அதைத்தான் யாரும் கட்டவில்லை. கட்ட வந்தாலும் நகரசபைக்கு அபிவிருத்திக் கட்டணம். புதிய தனிவீடு ஒன்றுக்கு 2024-இல் அது ஒரு இலட்சம் டொலருக்கு மேல்.

வீடு இப்படி நகராமல் நிற்க, பணம் மட்டும் ஓடியது. 2020 மார்ச்சில் கனடா மத்திய வங்கி வட்டியை 0.25 வீதத்துக்கு இறக்கியது. பத்து இலட்சம் கடனை 25 வருடத்தில் கட்டுவதென்றால் இரண்டு வீத வட்டியில் மாதம் சுமார் 4,200 டொலர். ஐந்தரை வீதத்தில் சுமார் 6,100. வட்டி இறங்கியபோது ஒவ்வொருவர் கையிலும் கூடுதல் கடன் வந்தது, எதிராளி கையிலும் அதே அளவு வந்தது. எல்லோரும் முக்காலியில் ஏறி நின்று தேர் பார்ப்பது போல. யாருக்கும் தேர் கூடுதலாகத் தெரியவில்லை, முக்காலி விலை ஏறியதுதான் மிச்சம். வீடு வாங்குவோருக்கு உதவி என்று அரசுகள் கொடுக்கும் வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்குகளும் இந்த வகை முக்காலிகளே. தேர்தலுக்கு உகந்தவை, கதிரை ஒன்றையும் கூட்டாதவை. 2023-இல் நாட்டின் சனத்தொகை ஒரே வருடத்தில் 12 இலட்சத்து 70 ஆயிரம் கூடியது. குற்றம் வந்தவர்கள் தலையில் விழுந்தது. விலை உச்சிக்குப் போனது அதற்கு முதல் வருடம், எல்லை பாதி மூடியிருந்த பெருந்தொற்றுக் காலத்தின் கடைசியில் என்பதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

ரொறன்ரோத் தமிழர் வீட்டுச் சந்தையில் பார்வையாளர்கள் அல்லர். எண்பதுகளின் நடுவிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் ஸ்காபரோ அடுக்குமாடிகளில் ஏறினார்கள். சந்தை 1989-இல் சராசரி 2 இலட்சத்து 73 ஆயிரத்தைத் தொட்டுச் சரிந்து, 1996-இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே கிடந்தது. பழைய விலையை எட்டிப்பிடிக்க 2002 ஆனது. அந்தப் பள்ளத்தில் வாங்கியவர்தான் இன்றைக்கு ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கும் சித்தப்பா. இரண்டு வேலை செய்தோம், கோப்பி வெளியில் வாங்கிக் குடிக்கவில்லை, அதனால் வீடு வாங்கினோம் என்பார். கோப்பியை விட்டது உண்மை. வீடு கைக்கு வந்ததற்கு 1996 காரணம்.

முற்பணம் சேர்ந்தது சீட்டில். சீட்டுக் கூறும்போது தள்ளிக் கேட்டுப் பழகிய சனத்துக்கு ஓஃபர் இரவு அவ்வளவு அந்நியம் இல்லை. சீட்டில் அவசரக்காரர் குறைத்து எடுப்பார், இங்கே கூட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான். மாதத் தவணையின் ஒரு பங்கைப் பேஸ்மென்ற் வாடகை கட்டும். அங்கே இருப்பவர் அனேகமாகப் புதிதாக வந்த உறவினர் அல்லது மாணவர். அவரும் மேலே வரும் நாளுக்காகச் சீட்டுப் போட்டிருப்பார். கொண்டாட்ட மண்டபம் எதிலும் எட்டுப் பேர் மேசைக்கு ஒரு வீட்டு முகவர் அமர்ந்திருப்பார். தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தால் கோட் போட்டுக் கைகட்டிச் சிரிப்பவர்கள் அவர்களே. செய்தி அவர்களுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் போகும்.

விலை ஏற ஏறக் குடிகள் வடக்கும் கிழக்கும் நகர்ந்தன: மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ், விட்பி, ஒஷாவா. வரியும் தள்ளிவிட்டது. ஸ்ரீல்ஸ் அவெனியூ ரொறன்ரோவுக்கும் மார்க்கத்துக்கும் எல்லை. தெருவின் வடபுறம் பத்து இலட்சத்துக்கு வாங்கினால் மாகாணத்துக்குக் காணி மாற்று வரி 16,475 டொலர். தென்புறம் வாங்கினால் அதே தொகையை நகரத்துக்கும் இன்னொருமுறை கட்ட வேண்டும். ரொறன்ரோ 2008 முதல் தனக்கென்று ஒரு வரி வைத்திருக்கிறது. தெருவைக் குறுக்கே கடந்ததற்கு இவ்வளவு சுங்கம் வாங்கும் ஊர் குறைவு.

உச்சி 2022 பெப்ரவரி. அந்த மாதம் ரொறன்ரோ வட்டாரத்தின் சராசரி விற்பனை விலை 13 இலட்சத்து 34 ஆயிரம் டொலர். மார்ச்சில் மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலையில் ஐந்து வீதத்தில் நிறுத்தியது. பெப்ரவரியில் நிபந்தனை இல்லாமல் கையெழுத்து வைத்து, வேனிலில் சாவி வாங்கப் போனவர்களிடம் வங்கி மதிப்பீட்டாளர் குறைந்த விலையைச் சொன்னார். இடைவெளியைக் கையிலிருந்து போட முடியாதவர்கள் பின்வாங்கினார்கள். அச்சாரம் போனது, சிலர்மீது விற்றவர் வழக்கும் வைத்தார். குறைந்த விலைக்கு வேறொருவருக்கு விற்க நேர்ந்த நட்டத்தையும் வாங்க மறுத்தவரே கட்ட வேண்டும் என்பது ஒன்ராறியோ நீதிமன்றங்களின் நிலைப்பாடு. ஆப்பிள் மரக் கடிதத்தை நீதிபதி கணக்கில் எடுப்பதில்லை.

2023 டிசம்பர் 1 முதல் மூடிய ஓலையைத் திறக்கச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஓஃபர்களில் உள்ள தொகையை மற்றவர்களுக்குக் காட்டலாம், விற்பவர் விரும்பினால். மூடியிருப்பதால் இலாபம் காண்பவரின் கையிலேயே திறப்பைக் கொடுத்த சட்டம் இது. அதே வருடம் மே மாதம் நகரசபை எல்லா வதிவிட மனைகளிலும் நாலு வீடு வரை கட்ட அனுமதித்தது. 2025 ஜூனில் ஆறு வீடு வரை என்ற தீர்மானம் வந்தபோது புறநகர் உறுப்பினர்கள் இழுத்ததில் அது ஒன்பது வட்டாரங்களுக்குச் சுருங்கியது. பழைய ரொறன்ரோவும் ஈஸ்ட் யோர்க்கும் தவிர உள்ளே வந்த ஒரே புறநகர் வட்டாரம் ஸ்காபரோ வடக்கு. கொண்டோச் சந்தையில் கதை தலைகீழ்: முதலீட்டுக்கென்று கட்டிய ஐந்நூறு சதுர அடி அறைகளை வாங்க ஆளில்லை, புதிய கொண்டோ விற்பனை 1990களுக்குப் பிறகு காணாத அளவுக்கு விழுந்திருக்கிறது. குடும்பங்கள் தேடும் வீடு அது இல்லை என்பதால் அந்தக் குவியல் தனிவீட்டு வரிசையைச் சுருக்கவும் இல்லை.

2025 இலையுதிர் காலத்தில் சராசரி விலை பத்தரை இலட்சத்தைச் சுற்றி நின்றது. உச்சியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு கீழே. இருபது வீத முற்பணம் என்பதும் ஐந்தில் ஒரு பங்குதான். ஊரிலிருந்து கனடாச் சம்பந்தம் பேசுவோர் சொந்த வீடா என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்த மாதம் வாங்கியது என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும். 2022 பெப்ரவரி என்று பதில் வந்தால், அதற்குமேல் வீட்டைப்பற்றி ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவும்.